நேர்ப் பார்வையும் வளைந்த பாதையும்

மனித சரீரத்தில் காற்றுக்கும் அன்னத்துக்கும் நுழைவாயில் ஒன்றாகவே இருப்பதும், அவ்வாயிலைக் கடந்ததும் பாதை சட்டென்று கீழ்நோக்கித் திரும்புவதும், திரும்பிய இடத்தில் முன்புறம் மூச்சுக்குழலும் பின்புறம் உணவுக்குழலுமாக இரண்டாகப் பிரிவதும், விழித்திருப்பவனுக்கு ஒரு தொல்லையும் தருவதில்லை. விழுங்கும்போது குரல்வளையை மூடுவதும், தப்பித்தவறி ஒரு பருக்கை உள்ளே போய்விட்டால் இருமி வெளியே தள்ளுவதுமாகிய காவல் காரியங்களை உடம்பு தானாகவே செய்துகொள்கிறது. மயக்க மருந்து கொடுக்கப்பட்டவனுக்கு அந்தக் காவல் போய்விடுகிறது. நாக்கு பின்னால் சரிந்து வழியை அடைக்கிறது. இரைப்பையிலிருந்து மேலேறும் நீர் நுரையீரலுக்குள் இறங்கிவிடக்கூடும். தசைகளைத் தளர்த்தும் மருந்தும் சேர்ந்தால் மூச்சே நின்றுவிடுகிறது. ஆகையால் வாய் வழியாக ஒரு குழாயை மூச்சுக்குழலுக்குள் செலுத்தி, அதன் வழியே பிராணவாயுவை ஊட்டுவது பெரிய ரணசிகிச்சைகளில் நித்திய கர்மமாகிவிட்டது. அந்தக் குழாய் புகவேண்டிய வாயிலைக் கண்ணுக்குக் காட்டும் கருவிதான் லாரிங்காஸ்கோப். ஒளி நேர்க்கோட்டிலேதான் செல்லும், பாதையோ வளைந்திருக்கிறது. பாதையை நிமிர்த்துவதா, பார்வையை வளைப்பதா என்ற வினாவுக்கு 170 ஆண்டுகளாக மாறி மாறிச் சொல்லப்பட்டுவரும் விடைகளே இக்கருவியின் சரித்திரம் என்று சொல்லலாம்.

முதலில் பார்வையை வளைத்தவர் வைத்தியர் அல்லர், சங்கீத ஆசிரியர். மானுவேல் கார்சியா 1805-இல் மாட்ரிட் நகரில், பாடகர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். ஐரோப்பிய மேடைகளில் பெரும் பிரசித்தி பெற்ற மரியா மாலிப்ரானும் பாலின் வியார்தோவும் அவருடைய சகோதரிகள். மேடையில் பாடுவதை இளமையிலேயே விட்டுவிட்டுப் பிறருக்குக் கற்பிக்கும் தொழிலை மேற்கொண்ட அவருக்கு, தாம் கற்பிக்கும் குரல் எங்கே எவ்விதம் பிறக்கிறது என்பதைத் தம் கண்ணாலேயே கண்டுவிடவேண்டும் என்ற தாகம் நெடுநாள் இருந்தது. 1854-இல் பாரிஸ் சென்றிருந்தபோது, பல் வைத்தியர் உபயோகிக்கும் நீண்ட காம்புடைய சிறு கண்ணாடி ஒன்றை வாங்கி, மூச்சுப் பட்டு மங்காதபடி அதைச் சூடாக்கி, தம் உள்நாக்கின்மேல் சார்த்தி, கையிலிருந்த மற்றொரு கண்ணாடியால் சூரிய ஒளியை அதன்மீது திருப்பினார். குரல்நாண்கள் விரிந்து கிடப்பதும், பாட முயன்றபோது அவை நெருங்கி அதிர்வதும் தெரிந்தன. தம் குரல் பிறக்கும் இடத்தைத் தாமே பார்த்த அந்த மனிதர், மறுவருஷம் லண்டன் ராயல் சொஸைட்டியில் தமது கட்டுரையைச் சமர்ப்பித்தார். வைத்திய உலகம் முதலில் அதை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. ஆயினும் அவர் அந்த அலட்சியத்தை உயிரோடிருந்தே கடந்துவிட்டார். 1905-இல் அவருக்கு நூறு வயது நிறைந்தபோது மூன்று நாட்டு மன்னர்கள் அவரைக் கௌரவித்தார்கள். சார்ஜென்ட் என்ற புகழ்பெற்ற சித்திரக்காரர் அவருடைய உருவத்தை எழுதினார். அதற்கும் அடுத்த வருஷந்தான் அவர் காலமானார்.

கார்சியாவின் கண்ணாடியை நோயாளிகளிடம் பிரயோகித்தவர் வியன்னாவைச் சேர்ந்த லுட்விக் டியூர்க். குளிர்காலம் வந்து சூரியன் மறைந்ததும் அவர் கண்ணாடிகளை எடுத்து வைத்துவிட்டார். அவற்றை இரவல் வாங்கிச் சென்ற யோஹான் செர்மாக் என்பவர் சூரியனுக்காகக் காத்திராமல் விளக்கின் ஒளியைக் குழிக்கண்ணாடியால் குவித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டு, அந்த வித்தையை ஐரோப்பா முழுவதும் பரப்பினார். யார் முதல்வர் என்று இருவரும் பிற்பாடு போட்ட சண்டை ஏடுகளை நிரப்பிற்று. அந்தச் சண்டையின் விவரங்கள் இங்கே வேண்டியதில்லை. கண்ணாடி காட்டியது தலைகீழான பிம்பம். அதைப் பார்ப்பதற்கு நோயாளி விழித்து உட்கார்ந்து, வாயைத் திறந்து, சொன்னபடி கேட்க வேண்டும். அந்தப் பிம்பத்தை நம்பி ஒரு குழாயைச் செலுத்துவதோ மிகவும் சிரமம். தொண்டை நோய்களை ஆராய்பவருக்கு அது பெரிய வரமாயிற்று. மயக்க மருந்து கொடுப்பவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இந்தச் சரித்திரத்தில் எனக்கு எப்போதும் வியப்பாகத் தோன்றும் சங்கதி ஒன்றுண்டு. குரல்வளையைப் பார்த்தவர்கள் குழாய் செலுத்த நினைக்கவில்லை. குழாய் செலுத்தியவர்கள் பார்க்கவில்லை. கிளாஸ்கோ நகரின் ரணசிகிச்சை நிபுணர் வில்லியம் மெக்யூயன், 1878 ஜூலை 5-ஆம் நாள், நாக்கின் அடியில் புற்று வளர்ந்திருந்த ஒருவருக்கு, அவர் விழித்திருக்கும்போதே விரலால் தடவி உலோகக் குழாயை மூச்சுக்குழலில் இறக்கி, அதன் பிறகே குளோரோபாரம் கொடுத்து அறுவையைச் செய்தார். ரத்தம் நுரையீரலுக்குள் வழியாமல் காப்பதற்கு அவர் கண்ட உபாயம் அது. அதற்கு முன்னர் சவங்களில் அந்த வித்தையைப் பழகியிருந்தார். 1885 முதல் நியூயார்க்கில் ஜோசப் ஓட்வயர் என்பவர், தொண்டை அடைப்பான் என்னும் டிப்தீரியாவால் மூச்சடைத்துத் தவித்த குழந்தைகளுக்கு விரலின் துணையால் சிறு உலோகக் குழாய்களைப் பொருத்தி எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றினார். ஜெர்மனியில் காஸல் நகரத்து பிரான்ஸ் கூன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வளையக்கூடிய உலோகக் குழாயைச் செய்தார். அவருக்கும் விரல்தான் வழிகாட்டி. இருட்டில் பூட்டுக்குச் சாவி போடுவது போன்ற அந்தக் காரியத்தை அவர்கள் எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தாலும், மற்றொருவருக்கு அதைக் கற்பிப்பது எளிதாக இருக்கவில்லை. விரலின் அறிவு அந்த விரலோடேயே நின்றுவிடும்.

பாதையை நிமிர்த்தத் துணிந்தவர் பெர்லின் நகரத்து ஆல்பிரெட் கிர்ஸ்டைன். உணவுக்குழலைப் பார்ப்பதற்கான நேர்க்குழாய் ஒன்று தவறுதலாக மூச்சுக்குழலுக்குள் நழுவியதாகச் சக வைத்தியர் ஒருவர் சொல்லக் கேட்டார். கேட்டவர்கள் பலர் அதை ஒரு விபத்தின் கதையாகக் கருதியிருப்பார்கள். தலையைத் தக்கபடி சாய்த்து நாக்கை ஒதுக்கினால் பற்களிலிருந்து குரல்நாண்கள் வரை ஒரு நேர்க்கோடு கிடைத்துவிடும் என்பதை அந்தச் சங்கதியிலிருந்து கிரகித்துக்கொண்ட கிர்ஸ்டைன், 1895 ஏப்ரல் 23-ஆம் நாள் கண்ணாடியின் உதவியின்றிக் குரல்வளையை நேரே பார்த்தார். கைப்பிடிக்குள் மின்விளக்கு வைத்த கருவி ஒன்றையும் இயற்றினார். அதன் பிளேடு என்னும் தகட்டினது நுனியை, குரல்வளை மூடியின் அடியில் நுழைத்து மூடியையே தூக்கலாம், அல்லது நாக்கின் அடிக்கும் மூடிக்கும் இடையிலுள்ள சிறு பள்ளத்தில் வைத்து மூடி தானே எழும்படி செய்யலாம் என்று இரண்டு வழிகளையும் அவர் அன்றே அறிந்திருந்தார். இந்த இரண்டாவது வழியை உலகம் மறந்து, ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப்பின் ஆக்ஸ்போர்டில் புதிதாகக் கண்டுபிடித்தது.

கிர்ஸ்டைனின் நேர்க்கோட்டை அமெரிக்காவில் நிலைநாட்டியவர் பிலடெல்பியாவின் செவாலியர் ஜாக்ஸன். குழந்தைகளும் பெரியவர்களும் விழுங்கியும் மூச்சில் இழுத்தும் அகப்பட்டுக்கொண்ட ஊசி, காசு, பித்தான், எலும்பு முதலிய பொருள்களை வெளியே எடுப்பதே அவருடைய வாழ்க்கைத் தொழில். அவ்வாறு எடுத்த 2,000-க்கும் மேற்பட்ட பொருள்களை அவர் பத்திரப்படுத்தி வைத்தது இன்றும் அந்நகரத்துக் காட்சிசாலை ஒன்றில் இருக்கிறது. காரப் பொருள்களை விழுங்கிக் குழந்தைகள் தொண்டை வெந்து வருவதைச் சகியாமல், அத்தகைய டப்பாக்களின்மீது எச்சரிக்கை அச்சிடவேண்டும் என்று அவர் பல்லாண்டு போராடியதன் பயனாக 1927-இல் அங்கே ஒரு சட்டமே பிறந்தது. விளக்கைக் கைப்பிடியிலிருந்து பிளேடின் நுனிக்குக் கொண்டுவந்தது அவர் செய்த பெரிய திருத்தம். 1913-இல் அவர் குழாய் செலுத்தும் முறையை விவரித்து எழுதினார். அதே வருஷம் நியூயார்க்கில் ஹென்றி ஜேன்வே, மயக்க மருந்து கொடுப்பவருக்கென்றே, கைப்பிடிக்குள் பாட்டரி வைத்த லாரிங்காஸ்கோப்பைச் செய்தார். கருவி கிடைத்துவிட்டது, அதன் அவசியத்தை உலகம் உணர ஒரு மகாயுத்தம் வேண்டியிருந்தது.

முதல் உலக யுத்தத்தில் முகம் சிதைந்து வந்த சிப்பாய்களுக்கு, இங்கிலாந்தில் ஸிட்கப் என்ற ஊரிலிருந்த ஆஸ்பத்திரியில் ஹெரால்ட் கில்லீஸ் புதிய முகங்களை அமைத்துக்கொண்டிருந்தார். தாடையும் மூக்கும் இல்லாத முகத்தில் மயக்க மருந்துக்குரிய முகமூடியை எங்கே பொருத்துவது? பொருத்தினாலும் வைத்தியர் கத்தி வைக்க இடம் எங்கே? அங்கே பணியாற்றிய ஐவன் மெகில், ஸ்டான்லி ரோபோதம் ஆகிய இருவரும் காற்று உட்செல்ல ஒரு குழாய், வெளிவர ஒரு குழாய் என்று முதலில் இரண்டைச் செலுத்திப் பார்த்து, பின்னர் அகலமான ஒரே ரப்பர் குழாய் இரண்டு காரியத்துக்கும் போதும் என்று கண்டார்கள். சுருளாகச் சுற்றி விற்கப்பட்ட ரப்பர் குழாயிலிருந்து நறுக்கிய துண்டுகளாதலால் அவற்றுக்கு இயற்கையாகவே ஒரு வளைவு இருந்தது; அந்த வளைவு தொண்டையின் வளைவுக்கு இசைந்ததால், மெகிலின் பெயரோடு இன்றைய பிளாஸ்டிக் குழாய்களிலும் வாழ்கிறது. மெகில் 1926-இல் ஒரு நேரான லாரிங்காஸ்கோப்பையும் செய்தார். ஆனால் அவருக்கு அது அநேகமாகத் தேவைப்படவில்லை. மூச்சின் ஓசையைக் காதால் கேட்டுக்கொண்டே மூக்கு வழியாகக் குழாயைச் செலுத்தி வாயிலைக் கண்டுபிடிக்கும் கைத்திறன் அவரிடம் இருந்தது. அந்தத் திறனைக் கண்டு அதிசயித்தவர் பலர், பெற்றவர் சிலர். மேதையின் கையைப் புகழ்வதில் எனக்குத் தடையில்லை; ஆயினும் ஒரு கருவியின் மதிப்பு, சாமானியமான கையை அந்த மேதையின் கைக்கு எவ்வளவு அருகில் கொண்டுபோகிறது என்பதைக்கொண்டே அளக்கப்படவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

குழாயைச் சுற்றிக் காற்று ஊதிய பை ஒன்றை வைத்தால் மூச்சுக்குழல் கசிவின்றி மூடிக்கொள்ளும் என்பதை அமெரிக்காவில் ஆர்தர் கிடல் என்பவர் ஒரு விசித்திரமான விதத்தில் நிரூபித்தார்: தம் நாய்க்கு மயக்கம் கொடுத்து, குழாய் பொருத்தி, நீர் நிரம்பிய தொட்டிக்குள் அமிழ்த்தி வைத்துக்காட்டினார். நாய் பின்னர் எழுந்து உதறிக்கொண்டு நடந்தது.

1941-இல் டெக்ஸாஸ் மாகாணத்தின் ஸான் அன்டோனியோவைச் சேர்ந்த ராபர்ட் மில்லர், பழைய நேர் பிளேடை நீளமாகவும் மெல்லியதாகவும் ஆக்கி, நுனியை மட்டும் சற்றே வளைத்து வெளியிட்டார். இரண்டு வருஷத்தில் ஆக்ஸ்போர்டிலிருந்து ராபர்ட் மேக்கின்டாஷின் வளைந்த பிளேடு வந்தது. நியூஸிலாந்தில் பிறந்து, முதல் யுத்தத்தில் விமானியாகச் சென்று சிறைப்பட்டு, பின்பு லண்டனில் மயக்க மருந்து கொடுப்பவராகப் பெயர் பெற்றிருந்த மேக்கின்டாஷ், மோட்டார் உற்பத்தியால் கோடீசுவரரான நப்ஃபீல்ட் பிரபுவின் பிடிவாதத்தால் 1937-இல் ஆக்ஸ்போர்டில் அந்தத் துறையின் பேராசிரியரானார். மயக்கவியலுக்கு ஒரு பேராசிரியர் எதற்கு என்று சர்வகலாசாலையிலேயே பலர் முணுமுணுத்தார்களாம். பிரபு கொடுத்த பணம் மிகப் பெரிது, அந்தப் பதவி இல்லாமல் பணமும் இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். ஒருநாள் டான்ஸில் அறுவைக்காக நோயாளியின் வாயைத் திறந்து பிடிக்கும் டேவிஸ் கருவியை நுழைத்த மேக்கின்டாஷுக்கு, எதிர்பாராத விதமாகக் குரல்நாண்கள் முழுமையாக எதிரே தெரிந்தன. அந்தக் காலை முடிவதற்குள்ளேயே அவருடைய தொழில்நுட்ப உதவியாளர் ரிச்சர்ட் ஸால்ட், டேவிஸ் கருவியின் பிளேடு ஒன்றை லாரிங்காஸ்கோப்பின் கைப்பிடியில் பற்றவைத்துக் கொண்டுவந்துவிட்டார்.

மில்லரின் பிளேடுக்கும் மேக்கின்டாஷின் பிளேடுக்கும் உள்ள வேற்றுமையை வளைவிலே தேடுபவர் ஏமாந்துபோவார். வளைவு எப்படியிருந்தாலும் பெரிதல்ல, நுனி குரல்வளை மூடியைத் தாண்டாமல் அதன் முன்னுள்ள பள்ளத்தில் தங்குவதே முக்கியம் என்று மேக்கின்டாஷே எழுதினார். நேர் பிளேடு மூடியின் அடிப்பரப்பைத் தொட்டுத் தூக்குகிறது. அந்தப் பரப்புக்கு உணர்வூட்டும் நரம்பு வேகஸ் நரம்பின் கிளையாதலால், மயக்கம் ஆழமாக இல்லாவிடில் குரல்வளை இறுகிக்கொள்ளும், இருமல் வரும், இருதயத்தின் ஓட்டமும் தாழலாம். முன்பள்ளத்துக்கு உணர்வூட்டுவது வேறு நரம்பு. ஆகையால், ஈதர் கொடுத்து மிக ஆழமாக மயக்கினாலொழியத் தசை தளராத அந்தக் காலத்தில், குறைந்த மயக்கத்திலேயே குழாய் செலுத்த இடங்கொடுத்த மேக்கின்டாஷின் முறை பெரிய உபகாரமாக இருந்தது. விநோதம் என்னவென்றால், 1942 ஜனவரியிலேயே மான்ட்ரியால் நகரில் ஹெரால்ட் கிரிபித்தும் எனிட் ஜான்ஸனும் குராரே என்ற தசை தளர்த்தும் விஷத்தை மயக்கத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். அந்த மருந்து எங்கும் பரவியபிறகு நரம்பைப் பற்றிய வாதத்துக்கு வலுக் குறைந்துவிட்டது. ஆயினும் பிளேடு நிலைத்தது. ஏனெனில் அதன் அகன்ற விளிம்பு நாக்கு முழுவதையும் இடப்புறம் ஒதுக்கிவிடுகிறது, வலப்புறத்தில் குழாய் நுழையத் தாராளமான இடம் கிடைக்கிறது, கற்றுக்கொள்வதும் எளிது. தான் பிறந்த காரணம் போனபின்பும் வேறு காரணத்தால் வாழும் கருவிகளில் இதுவும் ஒன்று.

நேர் பிளேடு தோற்றுவிட்டது என்று இதனால் எண்ணிவிடக்கூடாது. பச்சிளங் குழந்தையின் குரல்வளை உயரத்தில் இருக்கிறது. மூடி நீண்டு தொளதொளவென்று தொங்குகிறது. முன்பள்ளத்தில் அழுத்தினால் அது எழாமல் பார்வையை மறைத்துக்கொண்டே நிற்கும். அதை நேரே தூக்கும் மில்லர் பிளேடைத்தான் பலரும் குழந்தைகளுக்கு விரும்புகிறார்கள். குழந்தைகளுக்காகத் தமது பிளேடைச் சிறிதாக்கி விற்றதை மேக்கின்டாஷே ஏற்கவில்லை. தாடை சிறுத்து, முன்பற்கள் நீண்டவர்களிடத்திலும் நேர் பிளேடு சில வேளைகளில் நல்ல தரிசனம் தரும். ஆனால் எந்தப் பிளேடானாலும் கைப்பிடியை மேற்பற்களின்மீது ஊன்றி நெம்பலாகாது, முன்னும் மேலுமாகத் தூக்கவேண்டும் என்பதைத் தொழில் பழகுகிறவர்கள் முதல் நாளிலேயே கேட்கிறார்கள். உடைந்த பற்கள் அதை மறந்ததற்குச் சாட்சி.

பிளேடை எவ்வளவு திருத்தினாலும், எவ்வளவு தூக்கினாலும், நிமிராத பாதைகள் சில உண்டு. 1984-இல் கார்மக், லெஹேன் என்ற இருவர், பிளேடை வைத்தபின் தெரியும் காட்சியைக் குரல்நாண்கள் முழுதும் தெரிவது முதல் மூடிகூடத் தெரியாதது வரை நான்கு தரங்களாகப் பிரித்தார்கள். மறுவருஷம் ஆந்திர தேசத்தில் பிறந்து பாஸ்டன் நகரில் பணியாற்றிய சேஷகிரி ராவ் மல்லம்பட்டி, வாயைத் திறந்து நாக்கை நீட்டச் செய்து உள்நாக்கும் அண்ணமும் எவ்வளவு தெரிகின்றன என்று பார்த்தே வரப்போகும் சிரமத்தை ஓரளவு ஊகிக்கலாம் என்று எழுதினார். அறுவைக்கு முன் நம் ஆஸ்பத்திரிகளில் மயக்க மருந்து டாக்டர் வந்து வாயைத் திறக்கச் சொல்வது அவர் காட்டிய வழியில்தான். அத்தகைய கடினமான நோயாளிகளுக்காக, 1967-இல் பீட்டர் மர்பி என்பவர் பித்தநாளத்தைப் பார்ப்பதற்கென்று செய்த கண்ணாடியிழைக் கருவியை மூக்கு வழியாக இறக்கிக் குழாயை அதன்மேல் வழுக்கவிட்டார். பார்வை மறுபடியும் வளைந்தது. இழைக்கருவி இன்றுவரை கடினமான தொண்டைக்கு அரிய துணை. ஆனால் மென்மையானது, விலை மிகுந்தது, ரத்தம் கசிந்த தொண்டையில் குருடானது, அடிக்கடி பழகாத கைக்கு வசப்படாதது.

2001-இல் கனடாவின் வான்கூவர் நகரத்து ரணசிகிச்சை நிபுணர் ஜான் பேஸி, பிளேடின் வளைவை ஏறக்குறைய 60 பாகையாக்கி, அடிப்புறத்தில் சின்னஞ்சிறு காமிராவை வைத்து, காட்சியைத் திரையில் காட்டும் கிளைட்ஸ்கோப்பை வெளியிட்டார். நாக்கை ஒதுக்கிப் பாதையை நிமிர்த்தும் வேலையே இல்லை. கண் மூலையைச் சுற்றிப் போய்விடுகிறது. கார்சியாவின் கண்ணாடி செய்ததும் இதுவேயல்லவா! அந்தக் கண்ணாடிக்கு இருந்த குறையும் உடன் வந்தது. கண்ணுக்கு வாயில் தெளிவாகத் தெரிகிறது. கையிலுள்ள குழாயோ அந்த மூலையில் திரும்ப மறுக்கிறது. குழாய்க்குள் விறைத்த கம்பியைச் செருகி, பிளேடுக்கு இணையாக வளைத்துக்கொள்ளாவிடில் காரியம் நடக்காது. திரையையே பார்த்துக்கொண்டு கம்பியோடு கூடிய குழாயை உள்ளே தள்ளியதால் அண்ணம் கிழிந்த சம்பவங்கள் வைத்திய ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. எனவே இன்று வீடியோ லாரிங்காஸ்கோப்புகளிலேயே மூன்று இனங்கள் உள்ளன: மேக்கின்டாஷின் வளைவை அப்படியே வைத்துக் காமிராவை மட்டும் சேர்த்தவை, மிக வளைந்தவை, குழாய் செல்வதற்குத் தனி வாய்க்கால் உடையவை.

எது சிறந்தது என்ற கேள்விக்கு இப்போது பெரிய ஆராய்ச்சிகள் இருக்கின்றன. 2022-இல் காக்ரேன் ஸ்தாபனம் 222 ஆராய்ச்சிகளையும் 26,149 நோயாளிகளையும் ஒருங்கே பரிசீலித்து, வீடியோ கருவிகளால் குழாய் செலுத்துதல் தோற்பது குறைகிறது என்று தீர்மானித்தது. 2023-இல் அமெரிக்காவில் அவசர சிகிச்சை, தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 1,417 பேரிடம் நடந்த ஆராய்ச்சியில், முதல் முயற்சியிலேயே வெற்றி கிடைத்தது வீடியோவால் 85.1 சதவீதம், நேர்ப்பார்வையால் 70.8 சதவீதம். 2024-இல் கிளீவ்லாந்தில், மயக்கம் கொடுத்து அறுவை செய்யப்பட்டவர்களிடம், ஒன்றுக்கு மேற்பட்ட முயற்சி தேவைப்பட்டது மிக வளைந்த வீடியோ பிளேடால் 1.7 சதவீதம், நேர்ப்பார்வையால் 7.6 சதவீதம். இந்த எண்களை மறுப்பதற்கில்லை. ஆனால் 2023-இன் ஆராய்ச்சியில் குழாய் செலுத்தியவர்களில் பெரும்பாலோர் பயிற்சி நிலையில் இருந்தவர்கள். தேர்ந்த கைகளில் இந்த இடைவெளி அவ்வளவு பெரிதாக இராது. அதை வீடியோவுக்கு எதிரான வாதமாகச் சிலர் சொல்வதுண்டு. எனக்கு அது ஆதரவான வாதமாகவே படுகிறது: நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்படும் நோயாளிக்குக் கிடைப்பது அநேகமாகத் தேர்ந்த கை அல்ல. தவிரவும், பழைய கருவியில் உள்ளே என்ன தெரிகிறது என்பது பிடித்திருப்பவர் ஒருவருக்கே தெரியும். திரை வந்தபின் குருவும் சிஷ்யரும் ஒரே காட்சியைப் பார்க்கிறார்கள். மெகிலின் கைத்திறனைப் பிறருக்குக் கொடுக்க முடியாமற்போன குறை இப்போதுதான் ஓரளவு தீர்ந்திருக்கிறது.

ஆயினும் லென்ஸின்மீது ரத்தமோ வாந்தியோ படிந்தால் திரை இருண்டுவிடும். பாட்டரி தீர்ந்தாலும் அப்படியே. பழைய முறையை அறியாதவர் அந்த வேளையில் செய்வதறியாது நிற்பார். ஆகவே ஒரே ஒரு வீடியோ கருவி வாங்கத்தான் வசதியுள்ள ஆஸ்பத்திரி, மிக வளைந்த பிளேடை நாடாமல், மேக்கின்டாஷின் வளைவுடைய வீடியோ லாரிங்காஸ்கோப்பை வாங்குவதே விவேகம். அதன் திரை அணைந்துபோனாலும், 1943-இல் ஆக்ஸ்போர்டில் பார்த்ததுபோலவே அதைக்கொண்டு நேரே பார்த்துக் குழாயைச் செலுத்திவிடலாம்.